ஒரு உடும்பு குடுங்க

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மாமனும் மச்சினனும் டப்பாக்களில் பசை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய சாமான் கடையில் எடைக்கு வாங்கிக் கழுவிக் கவிழ்த்த டப்பாக்கள்.

"சீக்கிரம் மாமா. மாட்டினா கம்பி எண்ணணும். அக்கா உங்களை விட்டுடும், என்னைத்தான் கொல்லும்."

"சும்மா ஊத்துடா மாப்ளே. இந்தச் சரக்கு இன்னிக்குப் போகலேன்னா உங்கக்கா அடுப்பே பத்த வைக்க முடியாது."

உடும்பு என்பது ஒரு பசையின் பெயர். முதலில் ஒரே ஒரு கம்பெனிதான் அந்தப் பெயரில் விற்றது. பிடித்தால் விடாத பசை என்பதால் ஊரும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இப்போது செருப்பு வாயைப் பிளந்தாலும் நாற்காலிக் கால் ஆடினாலும், "ஒரு உடும்பு குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். கடைக்காரர் எந்தப் பசையை நீட்டினாலும் அது உடும்புதான்.

ஷட்டர் படாரென்று மேலே போனது. இன்ஸ்பெக்டர். பின்னால் ஏட்டு.

"போலி உடும்பு தயாராகுதுன்னு தகவல் வந்தது. சரியாத்தான் இருக்கு. எழுந்திருங்கடா!"

இன்ஸ்பெக்டர் சுவரோரம் இருந்த பெரிய டின்னைத் திருப்பிப் பார்த்தார். சீல் உடையாத அசல் உடும்பு. ஊற்றி முடித்த டப்பா ஒன்றை எடுத்தார். அதன் மேல் ஒரு குரங்கு பல்லைக் காட்டியது.

"என்னய்யா இது? எவனும் மட்டமானதை எடுத்து ஒசத்தி டப்பாவுல ஊத்துவான். நீ உடும்பை எடுத்துக் குரங்கு மார்க்ல ஊத்தறே. கள்ள வேலைகூட ஒழுங்காத் தெரியாதா?"

"எங்க வீட்டுலகூட குரங்கு மார்க் உடும்புதான் ஐயா," என்றார் ஏட்டு.

"கேட்டுக்குங்க!" என்றார் மாமன். "உடும்பு கேட்டா கடைக்காரன் குரங்கைத்தான் எடுத்துத் தர்றான். அதுலதான் அவனுக்குக் கமிஷன் ஜாஸ்தி. உடும்பு டப்பா தூசி படிஞ்சு கிடக்கு. இந்தப் பசை விலை போகணும்னா குரங்கு வேஷம் போட்டாத்தான் உண்டு."

"வக்கணையாப் பேசு. இத்தனை டின்னை எங்கே அடிச்சே?"

மாமன் கையில் ஒட்டிய பசையை உரித்தார்.

"சொல்லித் தொலைங்க மாமா," என்றான் மச்சினன்.

"சும்மா இருடா. ஜெயிலுக்கு வேணும்னா போறேன். மானம் போகக்கூடாது."

"திருட்டுப் பயலுக்கு மானம் வேறயா?" இன்ஸ்பெக்டர் சிரித்தார். "ஏட்டய்யா, சரக்கைப் பறிகொடுத்த முதலாளியை வரச் சொல்லுங்க. புகார் எழுதிக் கொடுக்கட்டும். டின்லயே போட்டிருக்கான் பாருங்க: 'குறை இருந்தால் உரிமையாளரையே அழைக்கவும்.'"

ஏட்டு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, டின்னைப் பார்த்துப் பார்த்து எண்களை அழுத்தினார்.

மாமனின் சட்டைப் பையில் மணி அடித்தது.