அணைக்காத பேனா

"தலைவலின்னு சொன்னீங்களாமே. எத்தனை நாளா?" என்று டாக்டர் கேட்டார்.

"தலைவலி இல்லை டாக்டர். வெளியில நாலு பேர் உட்கார்ந்திருந்தாங்க, அதான் அப்படிச் சொன்னேன். எனக்கு மறதி வந்துடுச்சு."

பக்கத்து நாற்காலியில் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மறதி யாருக்குத்தான் இல்லை? காலையில நானே கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் கண்ணாடியைத் தேடினேன்" என்று டாக்டர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

"ஒரு நாள் வீட்டைக் கொளுத்திடுவேன் டாக்டர்."

டாக்டரின் சிரிப்பு நின்றது.

அவளுக்கு வீட்டிலேயே தொழில். சூட்டுப் பேனாவால் பலகையில் பூ, பறவை, வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை என்று கேட்டதைச் சுட்டு வரைந்து தருவாள். கரன்ட்டில் முனை பழுக்கிற பேனா அது. மரத்தில் பட்டால் பழுப்புக் கோடு விழும். கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டால் கருப்பாய்க் குழி விழும். விழுந்தால் விழுந்ததுதான், ரப்பரால் அழிக்கிற சமாசாரம் இல்லை.

"சூடான கம்பியைப் பிடிச்சு இழுக்கிறதுதானே, இதுல என்ன பெரிய வித்தை?" என்று சொந்தபந்தத்தின் நடுவில் கணவர் சொல்வது வழக்கம். அவள் அடுத்த பலகையை எடுத்துக்கொள்வாள். வீட்டுக்கு வீடு நடக்கிற கூத்துதான்.

"முடிச்ச பலகையைக் குடுக்க மத்தியானம் வெளியில போவேன் டாக்டர். பேனாவை அணைச்சுட்டுத்தான் போறேன். வந்து பார்த்தா சுடுது. முதல் தடவை சுவிட்சே போட்டபடி இருந்துச்சு. அடியில கிடந்த துணி கருகிப் போச்சு."

"அவசரத்துல மறந்திருப்பீங்க."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அடுத்த தடவை பிளக்கையே பிடுங்கிட்டுப் போனேன். பிடுங்கினது இப்பவும் கண்ணுல நிக்குது. வந்து பார்த்தா பிளக் சொருகியிருக்கு. அப்புறம் அலமாரியில வெச்சு மூடிட்டுப் போனேன். வந்து தொட்டா அங்கேயும் சுடுது. எப்ப எடுத்தேன், எப்ப திரும்ப வெச்சேன், ஒண்ணும் தெரியலை டாக்டர்."

"வீட்ல வேற யாரு?"

"நாங்க ரெண்டு பேர்தான். இவர் கடைக்குப் போனா ராத்திரிதான் வருவார்."

"கவனம் இல்லாதவங்க நெருப்புப் பக்கம் போகக் கூடாதுன்னு முதல் நாளே சொன்னேன் டாக்டர்" என்றார் கணவர். வழக்கமாக ஊருக்கே கேட்கிற குரல், இன்று மேஜையைத் தாண்டவில்லை.

"உங்க குடும்பத்துல யாருக்காவது மறதி நோய் இருந்துச்சா?"



"எங்கம்மாவுக்கு. முதல்ல அடுப்பை அணைக்க மறந்தாங்க. அப்புறம் வீட்டுக்கு வழி மறந்துச்சு. கடைசியில என்னையே 'யாரும்மா நீ'ன்னு கேட்டாங்க. அண்ணன் வேலைக்குப் போறப்ப அறையில வெச்சுப் பூட்டிட்டுப் போவான். நாள் பூரா கதவைத் தட்டிக்கிட்டே இருப்பாங்களாம்."

டாக்டர் சீட்டில் எழுதினார். "பயப்படாதீங்க. எதுக்கும் மூளையை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடுவோம்."

பயப்படாதீங்க என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயம் அதிகமானது.

ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ் வந்து, "வளையல், தோடு எதுவும் இருக்கக் கூடாது. கழட்டிக் குடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மரத்தில் மயிரிழை போலக் கோடு இழுக்கிற கை, தோட்டின் திருகைக் கழற்றத் தெரியாமல் தடுமாறியது. ஒருவழியாக எல்லாவற்றையும் கழற்றிக் கணவரின் உள்ளங்கையில் வைத்தாள். கையை எடுக்கவில்லை.

"என்னங்க, ஒண்ணு சொன்னா கேப்பீங்களா?"

"சொல்லு."

"பேனாவை இன்னைக்கே யாருக்காவது குடுத்துடுறேன். இனிமே தொட மாட்டேன். ஆனா நாளைக்கு எனக்கு எல்லாம் மறந்து போனாலும், உங்களையே யாருன்னு கேட்டாலும், என்னை உள்ள வெச்சுப் பூட்டிடாதீங்க."

அவர் வளையல்களை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள வாங்கம்மா" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

அவள் திரும்பினாள். அவர் அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"போகாதே."

"ஏங்க?"

"நீ எதையும் மறக்கலை. நான்தான்."

அவளுக்குப் புரியவில்லை.

"நீ பஸ்ஸுக்குப் போறது கடையிலிருந்தே தெரியும். உடனே கடையைப் பூட்டிட்டு வீட்டுக்கு வந்துடுவேன். உன் பேனாவை எடுத்துக் கழிவுக் கட்டையில இழுத்துப் பார்ப்பேன். ஒரு கோடுகூட நேரா வரலை. பூராவும் குழி. நீ வர நேரமாச்சுன்னா, சில நாள் அணைக்கக்கூட மறந்து, கிடந்த இடத்துலயே வெச்சுட்டு ஓடிடுவேன்."

முதலில் அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். கோபம் அதற்கப்புறம்தான் வந்தது.

"ராத்திரியெல்லாம் நான் தூங்காம அழுதேனே, தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல? எனக்குப் பைத்தியம் பிடிச்சிருந்தாலும் பரவாயில்லையா? ஏன் சொல்லலை?"

கையிலிருந்த வளையல்களைப் பார்த்தபடியே அவர் சொன்னார்.

"நீ சிரிப்பியோன்னு பயமா இருந்துச்சு."