கையால் சுற்றிய காசு

கீழே கிடக்கும் ஒரு சென்ட் காசைக் குனிந்து எடுக்க இப்போது எவனுக்கும் இடுப்பு வளைவதில்லை. மூளையும் வளைவதில்லை என்பது கிழவர் ஆர்லன் கெஸ்லரின் கணிப்பு. அதனால்தான் வெள்ளிக்கிழமைதோறும் வங்கியில், ஐம்பது ஐம்பதாகக் காகிதத்தில் சுற்றிய சென்ட் உருளைகளை வாங்கிப் போய்ப் பிரித்துப் பார்ப்பார். பின்பக்கம் கோதுமைக் கதிர் போட்ட பழைய காசு நிலவறை அலமாரிக்கு. மற்றது அடுத்த ஊர் வங்கிக்கு.

"மெஷின் சுத்தினது வேணாம். ஜனங்க கையால சுத்தினதை எடு."

கவுண்டரில் இருந்த டார்லா நான்கு உருளைகளை வைத்தாள்.

"நாலு மாசமா உருளைக்கு அம்பதும் கதிர்க்காசு! எந்த முட்டாள் கொண்டாந்து போடுறான்? ஆளைக் காட்டு, மொத்தமா வாங்கிக்கிறேன். இதுவரைக்கும் மூவாயிரம் சேர்த்துட்டேன். நாளைக்குப் பழங்காசு வியாபாரி வர்றான். வித்து, என் பொண்டாட்டி விர்னாவுக்கு ஒரு அடுப்பு வாங்கணும்."

டார்லா குரலைத் தாழ்த்தினாள். "நான் சொல்லக் கூடாது, மிஸ்டர் கெஸ்லர். அது உங்க வீட்டம்மாதான். பாரம் தாங்காம நிலவறை அலமாரி உடைஞ்சிடும்னு திங்கக்கிழமையானா நாலு உருளை சுத்திக் கொண்டாந்து நோட்டா மாத்திட்டுப் போறாங்க. எவ்வளவு எடுத்தாலும் குறையவே மாட்டேங்குதுன்னு புலம்புறாங்க."

கெஸ்லர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆளை மறைக்க என் பொண்டாட்டி தலையையா உருட்டுறீங்க? பேங்க்காரன் புத்தி!"

இரண்டு டாலரை விசிறிப் போட்டுவிட்டு, நான்கு உருளைகளையும் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் நடந்தார்.