ஞாயிறு பத்து மணி

"ரெமிஹியா அக்கா, வடக்கே இருந்து உங்க வீட்டுக்காரர் லைன்ல இருக்கார். சீக்கிரம் வாங்க."

ஃபிலமோன் கடைக் கூரையில் இருந்த ஒலிபெருக்கி முழங்கியதும், பூசை முடிந்து வந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. சான் தெல்மோ ஊரில் இருப்பதே அந்தக் கடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் ஒரு போன்தான். கடல் கைவிட்டதும் எல்லை தாண்டிப் போன ஆண்களின் குரல், அந்தக் கூண்டுக்குத்தான் வந்து சேரும். சிலருக்கு வராது. அந்த வீட்டுப் பெண்களை ஊர் பார்க்கிற பார்வையே வேறு.

ரெமிஹியா இறால் கூடையை இறக்கிவைத்துவிட்டு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

"சாப்பிட்டீங்களா? மெலிஞ்சிருப்பீங்க, எனக்குத் தெரியாதா... படகுக்கு இப்பதான் பச்சை பெயிண்ட் அடிச்சேன். நீங்க வந்து தள்ளினா போதும்... இந்தத் திருவிழாவுக்காவது வாங்களேன்."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. ஏக்கம் எத்தனை நாளைக்குத்தான் தொண்டைக்குள்ளேயே இருக்கும்?

கூண்டுக்கு வெளியே தோமசா பொறுமையிழந்து கண்ணாடியைத் தட்டினாள். "அரைமணி நேரமா அப்படி என்னடி கொஞ்சல்? என் பொண்ணு கூப்பிட்டா லைன் கிடைக்க வேணாமா?"

"உனக்குப் பொறாமை" என்று சிரித்தபடி ரெமிஹியா வெளியே வந்தாள்.

படியில் நபோர் நின்றிருந்தான். அவள் புருஷன் ஆன்செல்மோவோடு ஒரே தக்காளிப் பண்ணையில் வேலை பார்த்தவன். காலை பஸ்ஸில்தான் ஊர் திரும்பியிருந்தான்.

"அக்கா, அண்ணன் ஒரு சேதி சொல்லச் சொன்னார்."

"இப்பதானே அவர்கிட்ட பேசினேன்." பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

நபோர் விழித்தான். "இப்பவா? என்னக்கா சொல்றீங்க? பண்ணையில ஞாயித்துக்கிழமை மட்டும், நம்ம ஊர் நேரம் பத்து மணிக்கு அரைமணி நேரம்தான் போனைத் தொட விடுவாங்க. ஒண்ணரை வருஷமா வாராவாரம் அடிச்சுப் பார்த்தார். ஒருநாள்கூட லைன் கிடைக்கல. அலுத்துப்போய், போன மாசம் வேற எங்கேயோ கிளம்பிட்டார். எந்த ஊர்னு எனக்குத் தெரியாது. 'கூப்பிட்டுப் பார்த்தேன்னு மட்டும் அவகிட்ட சொல்லு'ன்னார்."

ரெமிஹியா மெல்லத் திரும்பிக் கூண்டைப் பார்த்தாள். தன் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லிக் கூப்பிடுவதற்காக வாராவாரம் அவள் ஃபிலமோனுக்குக் கொடுக்கும் காய்ந்த இறால் பொட்டலம் உள்ளே இருந்தது. அதன் பக்கத்தில், மறுமுனையில் யாருமே இல்லாமல் ஞாயிறுதோறும் பத்து மணிக்கு அவள் அரைமணி நேரம் பேசிய போன்.