தோண்டக் கூடாத மண்

மனைவியைப் பற்றிப் பேசும்போது ஒதிலோன் தெ வெர்ஷேரின் கண் கலங்கவில்லை. மண்ணைப் பற்றிப் பேசும்போதுதான் கலங்கியது. அவரைச் சந்தேகிக்கக் காவல் அதிகாரி தெவனோவுக்கு அந்த ஒன்றே போதுமாயிருந்தது.

மனைவி மிரேய் காணாமல் போய் இரண்டு மாதமாகிறது. "கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கா, வருவா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார் மனிதர். ஆனால் அவள் போன அதே வாரம், அவருடைய ப்ளான்ஷார் திராட்சைத் தோட்டத்தின் நடுவரிசையில் ஓர் இடத்தில் மட்டும் மண் புதிதாகக் கிளறியிருந்ததை ஊரே பார்த்திருந்தது.

அந்த மண்ணைப் பற்றி அவர் அளந்த கதை கொஞ்சநஞ்சமா? பிரான்சின் பர்கண்டிச் சரிவு முழுக்க நடந்து, நாக்கில் வைத்துப் பார்த்தே அந்தக் காலத்து மடத்துத் துறவிகள் தேர்ந்தெடுத்த மண்ணாம். ஒயின் வாங்க வருகிறவர்கள் கையில் ஒரு கல்லைக் கொடுத்து நக்கச் சொல்வார். கோட்டும் சூட்டும் போட்ட கோடீஸ்வரர்கள் வெட்கமே இல்லாமல் நக்கிவிட்டு, "ஆகா, சுண்ணாம்பு" என்று கண்ணை மூடுவார்கள். தெவனோ இந்த ஊர்க்காரி. இந்தக் கூத்தைச் சின்ன வயதிலிருந்தே பார்த்துச் சலித்தவள்.

தோண்டும் இயந்திரத்தோடும் நீதிமன்ற உத்தரவோடும் அவள் வந்து இறங்கியதுமே ஒதிலோன் குறுக்கே வந்து நின்றார்.

"இங்க யாரும் கை வைக்கக்கூடாது மதாம். வேர் அறுந்தா இந்த வருஷ ஒயினே போச்சு."

"பொண்டாட்டி போனதுக்கு இவ்வளவு துடிக்கலையே முசியே?"

"அவ வேற, மண்ணு வேற."

"அதான் பார்த்தாலே தெரியுதே" என்று தெவனோ ஓட்டுநருக்குக் கை காட்டினாள்.

இயந்திரம் உறுமியது. ஒதிலோனின் முகம் வெளிறியது.

"நிறுத்தச் சொல்லுங்க. நான்தான் அவளைக் கொன்னேன்."

"எங்க பொதைச்சீங்க?"

"பொதைக்கல. சோன் ஆத்துல தள்ளிட்டேன். எழுதுங்க, இப்பவே கையெழுத்துப் போடுறேன். இங்க எதுக்கு வீணாத் தோண்டிக்கிட்டு?"

கைவிலங்குக்கு இப்படி ஆசை ஆசையாய்க் கையை நீட்டிய குற்றவாளியைத் தெவனோ இதுவரை பார்த்ததில்லை. ஆற்றில் தள்ளியவன் தோட்டத்தைக் கண்டு ஏன் நடுங்க வேண்டும்? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். மாட்டினான் பெரிய மனுஷன் என்று அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. விலங்கை மாட்டிவிட்டு, "தோண்டுங்க" என்றாள்.

முதல் வாளி மண் விழுந்தபோது அவளுடைய கைப்பேசி ஒலித்தது.

"நான் மிரேய் பேசுறேன். லியோன்ல என் தங்கச்சி வீட்டுல இருக்கேன். செய்தியில இந்த நம்பரோட என் போட்டோவைப் போடுறீங்களே, வேற நல்ல போட்டோ கெடைக்கலையா?"

"மதாம், உங்களைக் கொன்னுட்டதா உங்க வீட்டுக்காரரே ஒத்துக்கிட்டாரே" என்றாள் தெவனோ.

"அவரா? சமையலுக்கு வாங்குற நத்தையக்கூட அந்த ஆளு கொதிக்கிற தண்ணியில போடமாட்டாரு. அதையும் நான்தான் செய்யணும்." மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

தெவனோ எரிச்சலோடு விலங்கைக் கழற்றினாள். "உங்க மனைவி உயிரோட இருக்காங்க. சந்தோஷப்படுங்க."

ஒதிலோன் சந்தோஷப்படவில்லை. அவர் பார்வை குழியிலேயே இருந்தது. இயந்திரத்தின் பல் எதிலோ உரசிக் கிறீச்சிட்டது. தெவனோ போய் எட்டிப் பார்த்தாள். ஒரு முழ மண்ணுக்குக் கீழே செங்கல் துண்டுகள், காரைக் கட்டிகள், பிளாஸ்டிக் குழாய்கள், பாதி உடைந்த ஒரு கழிப்பறைப் பீங்கான்.

"எங்கப்பா காலத்துல ஒரு பெருமழை" என்றார் ஒதிலோன். "சரிவுல இருந்த மண்ணு மொத்தத்தையும் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. எங்கயோ இடிச்ச கட்டடத்துக் குப்பையக் கொட்டி நிரப்பி, மேலாக்க மண்ணத் தூவிட்டாரு. ரெண்டு மாசம் முன்னாடி மழையில ஒரு குழாய் வெளிய தெரிஞ்சுது. அதத்தான் மூடினேன்."

"இதுக்குப் போயா செய்யாத கொலைய ஒத்துக்கிட்டீங்க?"

ஒன்றும் தெரியாத குழந்தையைப் பார்ப்பதுபோல அவர் அவளைப் பார்த்தார்.

"கொலைகாரன் தோட்டத்து ஒயினை ரெண்டு மடங்கு வெல குடுத்துக்கூட வாங்குவாங்க மதாம், குப்பைமேட்டு ஒயினை எவன் வாங்குவான்?"