கோபுரத்துக்குள் உடையப்பன்

"அண்ணே, தாழ்ப்பாள் வரமாட்டேங்குது!"

கோபுரத்துக்குள்ளிருந்து தச்சன் உடையப்பனின் குரல் கேட்டதும் ஃபோர்மேன் பாலகுரு கதவடிக்கு ஓடினான். அமீரகத்தின் ராஸ் அல் கைமா கண்காட்சித் திடலில் திறப்பு விழாவுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். கோபுரத்தில் ஏறிப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் மூன்று பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள்.

அந்தக்காலச் செர்பியாவின் நோவோ பிர்டோ கோட்டை நகரத்தை மரத்தில் அப்படியே எழுப்பியிருந்தார்கள். அங்கே அகழாய்வு செய்த மிலேனா மேடம்தான் வரைபடம் கொடுத்தார். வெள்ளிச் சுரங்கத்தால் செழித்த ஊராம். 1455-இல் துருக்கிப் படை நாற்பது நாள் முற்றுகையிட்டதாம்.

"கடைசியா ஒளியற இடம் கோபுரம். தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும்தான் இருக்கணும்" என்று அவர் பிடிவாதம் பிடிக்க, கனமான மரத் தாழ் ஒன்றை உடையப்பனே செதுக்கிப் பொருத்தியிருந்தான்.

"மரம் ஊறி இறுகிக்கிடுச்சுண்ணே. மூச்சு முட்டுது."

மேனேஜர் இர்ஷாத் ஓடிவந்தார். "என்ன பாய் பாத்துட்டு நிக்கிற? உடை! யல்லா, ஜல்தி!"

பாலகுரு கடப்பாரையைத் தூக்கினான்.

"கடப்பாரை வேணாம்ணே! அடிச்சா மொத்தமும் என் தலையிலதான் விழும். சிவில் டிஃபென்ஸ் மீட்புப் படையைக் கூப்பிடுங்க."

பாலகுரு கடப்பாரையைக் கீழே வைத்தான். நடுத்தூண் கீறல் விட்டிருப்பதாக உடையப்பன் முந்தாநாளே சொல்லியிருந்தான். "விழா முடியற வரைக்கும் வாயைத் திறக்காதே. திறந்தா ரெண்டு பேரும் ஊருக்குத்தான்" என்று அப்போது மிரட்டியிருந்தார் இர்ஷாத். பாலகுருவும் பேசாமல் இருந்துவிட்டான்.

இப்போது உள்ளே கிடப்பவன், தன்னை நம்பி விமானம் ஏறியவன். இர்ஷாத் தடுக்கத் தடுக்க பாலகுரு போன் போட்டான்.

வந்த அதிகாரி ஒரு பலகையைக் கழற்றி டார்ச் அடித்தார். தூணில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. "கலாஸ், முடிஞ்சது. இனி ஒருத்தரும் இதுல ஏறக்கூடாது" என்றார். பிள்ளைகளின் பஸ்கள் வாசலிலேயே திரும்பின.

முட்டுக்கொடுக்க இரும்புக் குழாய்களை இறக்கினார்கள். பாலகுரு கதவிடுக்கில் வாயை வைத்தான்.

"பயப்படாதடா உடையப்பா. மேல ஜன்னலை அறுத்து உன்னை எடுத்துருவாங்க."

"பிள்ளைங்கல்லாம் போயிட்டாங்களாண்ணே?"

"போயாச்சுடா."

"அப்ப தள்ளி நில்லுங்க, திறக்கறேன்."