தச்சர் அடித்த பெட்டி

ராணுவப் பார்சல் அலுவலக ஜன்னல் வழியாக வரும் மாலை வெயில் தராசின் மேல் விழுகிறது. பனிமலை எல்லையைக் காக்கும் சிப்பாய் மகனுக்காகத் தச்சர் தன் கையாலேயே அடித்த பலகைப் பெட்டி அதில் கனத்து உட்கார்ந்திருக்கிறது. அட்டைப் பெட்டியையும் நம்பாதவர், ஆட்களையும் நம்பாதவர். யாரும் கைவைக்கக் கூடாதென்று சுற்றிலும் ஆணி வேறு அடித்திருக்கிறார். "பெரியவரே, உள்ள இருக்கிறதைவிட பெட்டிதான் கனம். இப்படி ஏத்த மாட்டாங்க," என்கிறாள், அவர் எழுதித் தந்த பொருள் பட்டியலைப் பார்த்தபடி, பொட்டலம் கட்டும் பெண். வாசலில் ராணுவ லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது. இதை விட்டால் பனியில் மலைப்பாதை அடைபட்டுவிடும். அடுத்த லாரி கோடையில்தான். "பிரிச்சா ஒண்ணும் குறையக் கூடாது," என்று முறைக்கிறார். "உங்க பையன் காலுறையைப் போட்டுக்கிட்டு நான் எங்க போகப் போறேன்?" தச்சர் முனகிக்கொண்டே சுத்தியலால் ஆணிகளைப் பிடுங்குகிறார். பாத வெடிப்புக்கான களிம்புச் சீசாவை அவள் கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து, குழந்தையைப் படுக்க வைப்பதுபோல அட்டைப் பெட்டியில் வைக்கிறாள். மிஞ்சிய சந்தில் தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தைச் செருகுகிறாள். "அது என்னுது இல்லையே." "இருக்கட்டும். காலி இடம் இருந்தா சீசா ஆடும்." ஹாரன் அலறுகிறது. அவசரத்தில் கயிறு அவள் கைக்கு அடங்காமல் நழுவுகிறது. தச்சர் குனிந்து, கயிறுகள் கூடும் இடத்தில் தன் காய்த்துப்போன விரலை அழுத்தி வைக்கிறார். "நல்லா இழுத்துக் கட்டும்மா," என்கிறார். "விரல் மாட்டினாலும் பரவாயில்ல."