கடைசி லாரியின் நம்பர்

கிடங்கு வாசலில் வெயில் சாய்கிறது. கடைசி லாரியை இறக்க இரண்டு பேர் போதும். நான் இருக்கிறேன், மற்ற இருவரில் ஒருவர் கிளம்பலாம். மொட்டை மாமாவுக்குப் பேத்தி பிறந்து மூன்று நாள் ஆகிறது, இன்னும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆறு மணிவரைதான் விடுவார்கள்.

"நீங்களே போங்க மாமா," என்கிறான் நெட்டையன்.

"சும்மா போனா நாளைக்கே சொல்லிக்காட்டுவ. ஜெயிச்சிட்டுப் போறேன். லாரியோட கடைசி நம்பர் ஒத்தைன்னா நான், ரெட்டைன்னா நீ."

"பேத்திக்கும் இந்தப் பிடிவாதம் இருந்தா பாலே குடிக்காது."

ஹாரன் கேட்கிறது. எனக்கு இந்தப் பந்தயத்தில் பங்கே இல்லை. ஆனாலும் முதலில் வாசலை எட்டிப் பார்ப்பது நான்தான். லாரி பின்பக்கமாகவே உள்ளே வருகிறது. நம்பர் பலகை முழுக்கச் சேறு. மாமா குனிந்து, தலைத்துண்டை அவிழ்த்து, கடைசி எண்ணை மட்டும் அவசரமில்லாமல் துடைக்கிறார். எட்டு.

"ரெட்டை," என்று அவரே உரக்கச் சொல்கிறார். "கிளம்புடா."

முதல் மூட்டைக்கு முதுகைக் கொடுக்கும் அவர் முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. ஜெயித்த நெட்டையன்தான் போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல், சாப்பாட்டுத் தூக்கைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.